அடகும் நிபந்தனையும்

கொடுத்தவன் கேட்கலாம், வாங்கியவன் தீர்க்க வேண்டும் என்ற அளவோடு நம் தர்மசாஸ்திரங்கள் நின்றுவிடவில்லை. தகப்பன் பட்ட கடன் மகனைச் சேரும் என்ற மரபுக்கிடையே, சூதுக்கும் குடிக்கும் வாங்கியதை மகன் தலையில் கட்டலாகாது என்று மனுஸ்மிருதி ஒரு விலக்கு வைத்திருக்கிறது. அதன் சூட்சுமம் மகனிடத்துக் கருணை மட்டுமன்று, எதற்குக் கேட்கிறான் என்று விசாரியாமல் பணத்தை நீட்டியவன் அந்த நஷ்டத்தைத் தானே சுமக்கட்டும் என்பதுமாகும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரே தடவையில் வசூலிக்கும் வட்டி பாக்கி முதலை விஞ்சலாகாது என்ற ‘தாம்துபட்’ நியாயத்தையும், வெள்ளைக்காரன் காலத்திலேயே பம்பாய் ஹைகோர்ட்டு ஹிந்துக்கள் விஷயத்தில் ஏற்றுக்கொண்டிருந்தது.

ஒரு தேசமே கடன்படும்போது இந்த நியாயங்கள் என்னவாகின்றன?

மூன்று வார இறக்குமதிக்கும் போதுமோ போதாதோ என்று அந்நியச் செலாவணி வற்றிக் கிடந்த 1991 ஜூலையில், இந்தப் பம்பாய் நகரத்துக் கோட்டைப் பகுதியிலுள்ள ரிசர்வ் வங்கியிலிருந்து சுமார் 47 டன் தங்கம், பலத்த காவலோடு சஹார் விமான நிலையம் சென்று, தவணை தவணையாக லண்டன் போய்ச் சேர்ந்தது. அதன் பேரில் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகள் 40.5 கோடி டாலர் கொடுத்தன. அப்போது கவர்னராக இருந்த எஸ். வெங்கிடரமணனும் துணைக் கவர்னர் சி. ரங்கராஜனும் தமிழர்கள், இதற்குப் பெருமைப்படுவதா வருந்துவதா என்பதை இவ்வூர் மாட்டுங்காத் தமிழர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் தாராவி அடகுக் கடைகளில் நடப்பதும் இதுதான். சேட்டு சங்கிலியை உரைகல்லில் தேய்க்கிறார், தராசில் வைக்கிறார், ரசீது எழுதுகிறார். வீட்டில் எத்தனை விளக்கு எரிகிறது என்று கேட்பதில்லை. பொருள் கையில் இருக்கிறது, அது போதும் அவருக்கு. அதே வருஷம் நாம் கை நீட்டிய சர்வதேச நாணய நிதியமோ பொன்னைக் கேட்கவில்லை. மானியம், வரி, பட்ஜெட் பற்றாக்குறை என்று வீட்டுக் கணக்கையே கேட்டது. தங்கம் போனதை மானக்கேடு என்று வருந்தினோர் பலர். என் கட்சி வேறு: அடகில் போவது பொருள் ஒன்றுதான், நிபந்தனையிலோ கொடுப்பவரே வீட்டுக்குள் வந்துவிடுகிறார்.

அப்படி வருவது எப்போதும் தீமை என்று நான் சொல்லவில்லை. 2022 ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைத் திருப்ப இயலாதென்று இலங்கை கைவிரித்தபோது, பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று அலுத்த ஜனங்களுக்கு, மறு வருஷம் மார்ச்சில் நிதியம் நான்கு வருஷத்துக்கென இசைந்த சுமார் 300 கோடி டாலர் ஒரு பற்றுக்கோடாகவே இருந்தது. ஏழைகளுக்கான உதவிச் செலவு இன்ன அளவுக்குக் குறையலாகாது என்பதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. ஆனால் நிதியம் இசைந்ததற்கு முந்தைய மாதம் மின்கட்டணம் 66 சதவீதம் ஏறிற்று; 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 15-லிருந்து 18 சதவீதமாயிற்று. விமானங்கள் எட்டிப் பார்க்காத மத்தல விமான நிலையத்தைச் சீனக் கடனில் கட்டத் தீர்மானித்தவர்கள் யாரோ. பால்மாவுக்கும் ஒற்றை விளக்குக்கும் கூடுதலாகக் கொடுக்கிற ஹட்டன் தோட்டத்து லயத்துக் குடும்பம் யாரோ. தகப்பனின் சூதாட்டக் கடனென்று சொல்லி விலகிக்கொள்ள அந்தக் குடும்பத்துக்கு எந்த ஸ்மிருதியும் வழி வைக்கவில்லை.

தான் கொடுத்த பணம் எந்த வீட்டில் யார் வயிற்றைச் சுருக்கி மீள்கிறது என்பது தெரியாதென்று சேட்டு சொன்னால் அதில் நியாயமுண்டு. கணக்குப் புஸ்தகத்தை வரிவரியாகப் பார்த்து, எந்தக் கட்டணம் எப்போது ஏறவேண்டுமென்று தேதி குறித்தவர்கள் அதையே சொல்ல முடியாது. விசாரித்துக் கொடுத்தவர்கள் என்ற கௌரவத்தை ஏற்பவர்கள், பாரம் யார் தோளில் இறங்கிற்று என்பதற்கும் உத்தரவாதிகளாகிறார்கள். நடப்போ நேர்மாறாக இருக்கிறது. இலங்கையின் கடன்பத்திரங்களை வைத்திருந்த தனியார் 2024 டிசம்பரில் தம் பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். நிதியத்துக்குச் சேரவேண்டிய முதலில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை.