மலடி என்ற சொல்

திருமணமாகி மூன்று, நான்கு ஆண்டுகள் கடந்தும் தொட்டில் கட்டாத வீடுகள் எமது பங்குகள் எங்கும் உள்ளன. அவ்வீட்டுப் பெண் மடு மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறாள், உபவாசம் இருக்கிறாள், செபம் கேட்டுக் குருமனைக்கு வருகிறாள். கணவனோ மதிலோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறான். "அவர் வைத்தியரிடம் காட்டினவரா, மகள்?" என்று கேட்டால், "அவருக்கு என்ன குறை, சுவாமி?" என்பதே பதில்.

மலடன் என்றும் தமிழில் ஒரு சொல் உண்டு. ஊர்வாயில் அதனைக் கேட்டவர் எத்தனை பேர்? மலடி என்பதையோ சிறுவரும் அறிவர். விசாரணையின்றி ஒருத்திமேல் இடப்படும் இத்தீர்ப்பு எட்டாம் கட்டளைக்கு விரோதமன்றோ?

ஓராண்டு காலம் தடையேதுமின்றிக் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காவிடில், அதனை வைத்தியர்கள் பிள்ளைப்பேறின்மை என்பர். (கணவன் வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கொருமுறை ஒரு மாத விடுமுறையில் வந்துபோகும் வீட்டை இக்கணக்கில் சேர்த்தல் ஆகாது.) வளர்ந்தோரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இதனை அனுபவிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

பெண்ணிடத்தில், ஓமோன் குழப்பத்தால் சூலகம் மாதந்தோறும் முட்டையை வெளிவிடாதிருக்கலாம். கிருமித் தொற்றினால் பலோப்பியன் குழாய்கள் அடைபட்டிருக்கலாம். கருப்பையின் உட்படை போன்ற இழையம் வெளியே வளர்ந்திருக்கலாம். 35 வயதுக்குப் பின் வாய்ப்பும் விரைந்து குறைகிறது. ஆணிடத்தில், விந்தணுக்கள் குறைவாகவோ, நகரும் வலுவற்றோ இருக்கலாம். விதைப்பையின் நாளங்கள் புடைத்தல், பருவமடைந்த பின் வந்த கூகைக்கட்டு விதைகளைத் தாக்குதல், புகைத்தல், மிதமிஞ்சிய குடி, நீரிழிவு ஆகியன இதற்குக் காரணமாகலாம். பிள்ளையில்லாத் தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரில் ஆணின் குறையும் பங்குகொள்கிறது. சிலரிடத்தில் எக்காரணமும் அகப்படுவதில்லை.

ஆண்கள் அஞ்சுவது ஏன்? ஆண்மையும் விந்தணுவும் ஒன்றென எண்ணுவதாலேயே. உடல் வலுவிலும் தாம்பத்திய உறவிலும் குறையேதுமில்லாதவனிடத்தும் விந்தணு அறவே இல்லாதிருக்கக்கூடும். பரிசோதனையின்றி அதனை அவனே அறியான். அவனுக்குரிய முதற் பரிசோதனையோ மிக எளிது. குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதும், வயிற்றில் துளையிட்டுக் கருவியால் பார்ப்பதும் பெண்ணுக்கு உரியன. எளியதைத் தவிர்த்துக் கடினமானதற்கு மனைவியை முதலில் அனுப்புவது எந்த நீதி? மாதிரி எடுப்பது பாவமென்று சாட்டுச் சொல்வோரும் உளர். தாம்பத்திய உறவின்போதே, ஒழுக்கநெறிக்கு மாறுபடாமல் அதனைப் பெறும் வழி உண்டு. வைத்தியரையும் ஆன்மகுருவையும் கேட்டறியலாம்.

மகனுக்கு வேறு கலியாணம் செய்துவைக்கலாமா என விசாரிக்க வரும் தாய்மாரும் இல்லாமலில்லை. பிள்ளைப்பேறின்மை திருமணத்தைத் தடுப்பதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 1084ஆம் பிரிவில் தெளிவாகக் கூறுகிறது. இதனைச் சொன்னதும் அத்தாய்மார் எழுந்துவிடுவர். "மகன் பரிசோதித்தவரா, அம்மா?" என்று வாசல்வரை சென்று கேட்பதுண்டு. பெரும்பாலும் பதில் வருவதில்லை.