யார் கை வேலை?

ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி, "இது நான் செய்தது" என்று ஒருவர் கூறும்போது, அவர் உண்மையில் எதைக் கூறுகிறார்? கேட்பதற்கு மிக எளிய வினா. விடையளிக்கப் புகுந்தாலோ கால் தடுக்குகிறது. தச்சர் மரத்தை வளர்த்தவர் அல்லர். தையற்காரர் துணியை நெய்தவர் அல்லர். பாயசம் காய்ச்சும் நம் வீட்டுப் பெண்மணி கரும்பை ஆலையிலிட்டு வெல்லம் எடுத்தவர் அல்லர். எனினும் நாற்காலி தச்சருடையது என்றும், சட்டை தையற்காரருடையது என்றும், பாயசம் அந்தப் பெண்மணியின் கைம்மணம் என்றும் ஐயமின்றிக் கூறுகிறோம். எங்கே ஒரு கோடு கிழிக்கிறோம்? எதை வைத்துக் கிழிக்கிறோம்?

இவ்வினாவைப் பெரிய பொருள்களை வைத்து ஆராய்வதினும், உள்ளங்கையில் அடங்கும் ஒன்றை வைத்து ஆராய்வது தெளிவு தரும். மேலை நாடுகளில் பல்லாயிரவர் ஈடுபாட்டுடன் செய்துவரும் மாதிரிக் கார்களை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் தரையில் உருட்டி விளையாடும் பொம்மைக் கார்களை நாம் குறிப்பிடவில்லை. உண்மைக் காரின் ஒவ்வோர் உறுப்பையும் இருபத்தைந்தில் ஒரு பங்காக, அல்லது பதினைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, வளர்ந்த மனிதர்கள் மாதக்கணக்கில் அமர்ந்து செய்யும் சிற்றுருவங்கள் அவை. நாலரை மீட்டர் நீளமுள்ள கார், இருபத்தைந்தில் ஒரு பங்கானால் 18 சென்டிமீட்டர். ஒரு சாண் அளவுக்குக் குறைவு.

இவற்றைச் செய்வோரில் பெரும்பாலோர் கடையில் விற்கும் பெட்டியை வாங்குகின்றனர். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உதிரிகள் இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசவேண்டும். 1958இல் அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட பெட்டிகள் இக்கலையில் ஒரு புதுவழி திறந்தன. ஒரே பெட்டியிலிருந்து காரை ஆலையில் வந்தவாறும் அமைக்கலாம். பந்தயக் காராகவும் அமைக்கலாம். தன் விருப்பப்படி உருமாற்றியும் அமைக்கலாம். விருப்பம் என்ற சொல் நுழைந்தவுடன் பெட்டி போதாமற்போயிற்று. ஒருவர் இரு பெட்டிகளை வாங்கி ஒன்றின் முகப்பை மற்றொன்றின் உடலில் பொருத்தினார். இன்னொருவர் கூரையை அறுத்துத் தாழ்த்தினார். மூன்றாமவர் பெட்டியில் இல்லாத உறுப்பைத் தாமே பிளாஸ்டிக் தகட்டிலும் பித்தளைக் குழாயிலும் செய்து சேர்த்தார். நான்காமவர் பெட்டியே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். இந்நால்வரும் தத்தம் காரைக் காட்டி "இது நான் செய்தது" என்கின்றனர். நால்வர் கூற்றும் ஒன்றாமோ?

நான்காமவரின் முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் வேர் சிந்திக்கத்தக்கது. 'ஸ்கிராட்ச்' என்றால் கீறல். ஓட்டப் பந்தயத்தில் தரையில் கீறப்பட்ட தொடக்கக் கோட்டையே அச்சொல் குறித்தது. வலுவற்ற ஓட்டக்காரருக்குச் சில அடிகள் முன்னால் நிற்கச் சலுகை உண்டு. சலுகை ஏதும் பெறாதவர் கீறலிலிருந்தே புறப்படுவார். ஆகவே கீறலிலிருந்து செய்தல் என்பதற்கு, ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்குதல் என்று பொருள் கொள்ளலாகாது. இல்லாமையிலிருந்து ஒன்றை உண்டாக்குவது மனிதனுக்கு உரிய வேலையும் அன்று. பித்தளைத் தகட்டை அவன் சுரங்கத்திலிருந்து தோண்டவில்லை. அரத்தை அவன் அடித்து வடிக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான கோட்டில் நின்று புறப்பட்டேன், முன்னால் நகர்த்தி நிற்கவைக்கப்படவில்லை என்பதே அவன் கூற்று. நாம் தொடக்கத்தில் தேடிய கோடு ஏறத்தாழ இதுவே என்று தோன்றுகிறது. எவ்வளவு பொருள் பிறரிடமிருந்து வந்தது என்பதைவிட, எங்கே நின்று புறப்பட்டேன் என்பதை மறைக்காமற் சொல்கிறேனா என்பதே கணக்கு.

இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சோதனைக் களம் இருந்தது. 1930இல், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூடு கட்டும் பிரிவான ஃபிஷர் பாடி, சிறுவர்களுக்கென ஒரு கைவினைஞர் கழகத்தைத் தொடங்கியது. பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது, இருபது வயது வரையுள்ள ஆண் பிள்ளைகள் அதில் சேரலாம். பெண் பிள்ளைகளுக்கு இடமில்லை. கழகம் முடியும் வரையிலும் இல்லை. அந்நிறுவனத்தின் சின்னம், நெப்போலியன் காலத்து அரச குதிரை வண்டி. அவ்வண்டியின் சிற்றுருவத்தைச் செய்வதே முதற் போட்டி. வரைபடத்தைக் கழகம் அனுப்பும். வண்டியைச் சிறுவன் தன் கையால் செய்யவேண்டும். ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள அவ்வண்டிக்கு மரவேலை தெரியவேண்டும், உலோக வேலை தெரியவேண்டும், உள்ளே இருக்கைக்குத் துணி தைக்கத் தெரியவேண்டும், வெளியே நுண்ணிய சித்திர வேலைப்பாடும் மெருகும் தெரியவேண்டும். முதற் பரிசு, பல்கலைக்கழகப் படிப்புக்கென 5,000 டாலர். அத்தகைய பரிசுகள் நான்கு. பொருளாதாரப் பெருமந்தத்தில் நாடு தவித்த அந்நாளில், ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனுக்கு அது வாழ்வின் வாயிலையே திறந்துவிடும் தொகை.

1937இல் இருந்து, எதிர்காலக் கார் ஒன்றைச் சிறுவன் தானே கற்பனை செய்து பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்யும் போட்டியும் சேர்ந்தது. களிமண்ணில் வடிவம் தேடி, மரக்கட்டையிலோ சாந்து வார்ப்பிலோ உருவத்தைக் கடைந்து, பம்பரையும் விளக்குகளையும் உலோகத்தில் அராவி, பல பூச்சுகள் பூசித் தேய்த்து அனுப்புவார்கள். 1947இல் இப்போட்டியில் உயர் பரிசு பெற்ற சார்லஸ் ஜார்டன் என்ற இளைஞர், அதே ஜெனரல் மோட்டார்ஸில் பணியிற் சேர்ந்து, 1986இல் அதன் வடிவமைப்புத் துறைக்கே துணைத் தலைவரானார். கழகம் 1968இல் முடிவுற்றது.

இங்கே நம்மைத் தடுத்து நிறுத்துவது பரிசுத் தொகை அன்று. பரிசுத் தொகையின் நிழலில் நின்ற தந்தையரே. ஊரில் நல்ல கடைசல்காரரான ஒரு தந்தையை எண்ணிப் பார்ப்போம். மகன் இரவு பகலாகச் சக்கரத்தின் ஆரக்கால்களை அராவுகிறான். ஒன்று கோணுகிறது, மற்றொன்று முறிகிறது. தந்தை எழுந்து சென்று லேத்தில் பத்து நிமிடம் நின்றால் பன்னிரண்டு ஆரக்கால்களும் ஒரே சீராக வந்துவிடும். மகனின் படிப்பு அதில் தொங்குகிறது. அவர் எழுவாரா, அமர்ந்திருப்பாரா? எழுந்தால் அது அன்பா, களவா? அமர்ந்திருந்தால் அது நேர்மையா, கல்நெஞ்சமா?

இதை வேற்று நாட்டுக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் பிள்ளைகளின் பள்ளிக் கண்காட்சிக்கு எரிமலையும் காற்றாலையும் யார் கையால் உருவாகின்றன என்பதை வீடுதோறும் அறிவோம். செய்து தரும் கடைகளே இருக்கின்றன. பிள்ளையின் பெயரெழுதிய சீட்டு மட்டும் பிள்ளையின் கையெழுத்தில் இருக்கும்.

பிள்ளைக்கு உதவுவது தவறா என்று கேட்பவர்க்கு ஒரு நியாயம் உண்டு. உலகின் கைத்தொழில்கள் யாவும் ஒரு கையின் மேல் இன்னொரு கை வைத்துக் கற்பிக்கப்பட்டவையே. பட்டறையில் சேர்ந்த சிறுவனின் முதற் படைப்பில் ஆசானின் திருத்தம் இல்லாத இடமே இராது. இன்னும் சொல்லப்போனால், பட்டறையில் அநீதி எதிர்த்திசையில் பாய்ந்தது. சீடன் செய்தது ஆசான் பெயரில் விலை போயிற்று. சீடனின் கை மறைந்தது. அதை யாரும் களவென்று கூறவில்லை. வழக்கம் என்று கூறிவிட்டார்கள். ஆகவே, பிறர் கை படுவதையே குற்றமாக்கினால் கல்வியே இல்லாமற்போகும்.

ஆயினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அரத்தை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் தள்ளும்போது அழுத்துவது, எப்போது நிறுத்துவது என்று தந்தை காட்டுகிறார் என்றால், மறுநாள் அவர் ஊரில் இல்லாதபோதும் அந்த அறிவு மகனின் கையில் இருக்கும். ஆரக்காலையே அராவித் தந்துவிட்டாரானால், ஆரக்கால் இருக்கும். கையில் ஒன்றும் இராது. மேலும் ஒன்று நிகழ்கிறது. நாடெங்குமிருந்து வந்த வண்டிகளுக்கிடையே இந்த வண்டி மேசையில் வைக்கப்படும்போது, கடைசல்காரத் தந்தை வாய்க்காத, அல்லது தந்தையே இல்லாத, வேறொரு சிறுவனின் கோணலான ஆரக்காலுக்கு அருகில் அது வைக்கப்படுகிறது. அன்பின் பெயரால் நடந்தது, முகமறியாத ஓர் அனாதையின் தட்டிலிருந்து எடுத்ததாக முடிகிறது. அந்தத் தந்தை அமர்ந்திருக்கவேண்டும் என்பதே நம் தீர்ப்பு. அமர்ந்திருப்பது எளிது என்று நாம் கூறவில்லை.

இனி வளர்ந்தோரின் மேசைக்கு வருவோம். அங்கே பரிசும் இல்லை, தந்தையும் இல்லை. வேறொரு சங்கடம் இருக்கிறது. உண்மைக் காரின் அடியில் ஓடும் பிரேக் குழாய், இருபத்தைந்தில் ஒரு பங்கில் இரண்டு மூன்று தலைமயிரைச் சேர்த்த பருமனாகும். அதையும் மெல்லிய கம்பியால் வளைத்து, உரிய இடத்தில் பிடித்து, வண்ணம் தீட்டுகிறார்கள். பிறகு காரை நிமிர்த்திக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அடிப்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. இது வீண் உழைப்பு என்பார்க்கு நாம் மறுமொழி கூற அவசரப்படவில்லை. ஒழிந்த நேரத்தை இதினும் கேடாகச் செலவிடும் வழிகள் ஏராளம் என்பதோடு விட்டுவிடலாம். நம் அக்கறை வேறு. உண்மைக்கு முழுதும் ஒப்பாகச் செய்வேன் என்று புறப்பட்டவன் எங்கே நிற்பான்? திருகாணியின் புரியைச் செய்வானா? எட்டு மில்லிமீட்டர்த் திருகாணியின் புரி இடைவெளி ஒன்றேகால் மில்லிமீட்டர். இருபத்தைந்தில் ஒரு பங்கு, 0.05 மில்லிமீட்டர். எந்தக் கையாலும் ஆகாது. உள்ளே பெட்ரோல் எரியவும் போவதில்லை. ஆகவே ஓரிடத்தில் அவன் வாய்மூடியே ஆகவேண்டும். சொல்லாமல் விடுதல் பொய் ஆகாது. இல்லாததை இருப்பதாகச் சொல்வதே பொய்.

இந்த விதியும் அப்படியே நிற்கவில்லை என்பதுதான் வியப்பு. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் உடல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பு. உண்மைக் காரின் கணக்கில் அது ஓர் அங்குலத் தடிப்புள்ள இரும்பு. கோட்டைக் கதவுக்குத்தான் பொருந்தும். உண்மைத் தகட்டின் தடிப்பைச் செய்வதென்றால் 0.04 மில்லிமீட்டர், தொட்டால் கசங்கும். தேர்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? சக்கர வளைவின் விளிம்பை மட்டும் உட்புறமிருந்து சீவி மெலிதாக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் விளிம்பு மெல்லியது. அதன் பின்னே உடல் பழையபடி தடித்தே நிற்கிறது. வண்ணத்திலும் அவ்வாறே. உண்மைக் காரின் வண்ணத்தையே எடுத்துச் சிற்றுருவில் பூசினால் கருத்துத் தோன்றுகிறது என்று, சற்று வெளுப்பாக்கிப் பூசுவோர் பலர். அளவுகோலுக்குப் பொய்த்துக் கண்ணுக்கு மெய்யாகிறார்கள். இதைக் களவென்று யாரும் கருதுவதில்லை. காரணம், பார்ப்பவன் கேட்ட கேள்விக்கே விடை தரப்படுகிறது, "இது எப்படித் தோன்றும்?" என்றுதான் அவன் கேட்டான். வில்லை எடுத்து எடை போட்டுத் "தடிப்பு எவ்வளவு?" என்று கேட்டால், செய்தவன் மறைக்காமற் சொல்வான்.

மூலக் காரை நேரில் தேடிச் சென்று அளந்து, படமெடுத்து, வரைந்து, அதன்பின்னரே உலோகத்தைத் தொடுவோரும் உண்டு. டூசன்பர்க் முதலிய பழம்பெருங் கார்களைப் பதினைந்தில் ஒரு பங்கில் செய்து புகழ்பெற்ற இங்கிலாந்தின் ஜெரால்ட் விங்ரோவ் அவ்வகையினர். அவர் தம் முறைகளை நூலாக எழுதி வெளியிட்டும் இருக்கிறார். தொழில் இரகசியத்தைத் தம்மோடு புதைத்துக்கொள்ளும் கைவினைஞர்களை நாம் நிறையவே கண்டிருப்பதால், இதைப் பாராட்டத் தோன்றுகிறது.

உருமாற்றுவோரின் நிலை இன்னும் நுட்பமானது. அவர்கள் செய்யும் கார் எந்தத் தெருவிலும் ஓடியதில்லை. ஒப்பிட மூலம் இல்லை. அப்படியானால் எதற்கு உண்மையாக இருப்பது? நல்லவர்கள் தமக்குத் தாமே ஒரு தளை பூட்டிக்கொள்கிறார்கள். கூரையைத் தாழ்த்தினால் உள்ளே மனிதன் தலைகுனியாமல் அமர இயலுமா? பெரிய சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது வளைவில் இடிக்காதா? பெரிய என்ஜினை இறக்கினால் அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் எங்கே? கேட்பாரில்லாத இக்கேள்விகளைத் தாமே கேட்டு விடை காணாதவரின் கார் எவ்வளவு பளபளத்தாலும் சிறிது நேரத்தில் கண் அதைவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இப்போது ஒரு புதிய இயந்திரம் வந்திருக்கிறது. கணினியில் வரைந்த உறுப்பை, பிசினைப் படலம் படலமாக இறுகவைத்து அப்படியே உருவாக்கித் தருகிறது. அரம் பிடித்துத் தழும்பேறிய மூத்தவர்கள் இதைக் கைவேலையென ஏற்கத் தயங்குகிறார்கள். இளையவர்கள் வரைவதும் வேலையே என்கிறார்கள். இருவரும் இயந்திரத்தையே பார்த்து வழக்காடுவதாக நமக்குத் தோன்றுகிறது. அளவெடுத்து, சுருக்கி, எங்கே தடிப்பைக் கூட்டுவது எங்கே குறைப்பது என்று தானே தீர்மானித்து வரைந்தவனுக்கு அந்த உறுப்பு அவனுடையதே. வேறொருவன் வரைந்ததை வாங்கித் தன் வீட்டு இயந்திரத்தில் எடுத்தவனுக்கு அது கடையில் வாங்கிய உறுப்பே. கடை வீட்டுக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். வாங்குவதில் இழுக்கும் இல்லை. போட்டிகளில் காரின் அருகே ஒரு சீட்டு வைப்பார்கள்: உடல் இன்ன பெட்டியிலிருந்து, சக்கரம் இன்னாரிடம் வாங்கியது, என்ஜினும் அடிச்சட்டமும் நானே செய்தவை என்று. நடுவர்களில் விவரமறிந்தவர்கள் முதலில் குனிந்து படிப்பது அந்தச் சீட்டைத்தான். பிறகே காரைப் பார்க்கிறார்கள்.