கூரையில் ஒளித்த இலை

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621 இல் நல்லூர்க் கந்தன் ஆலயம் இடிக்கப்பட்டது. 1658 இல் வந்த ஒல்லாந்தர் காலத்திலும் சைவத்திற்கு விடிவு கிட்டவில்லை. ஞானஸ்நானம் பெற்றுத் தோம்பிலே பெயர் பதிந்தவருக்கே உத்தியோகம். அவருடைய விவாகமே விவாகம். அவர் பிள்ளைகளுக்கே முதுசம். ஆகவே தோம்பில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாகப் பல சைவர்கள் வாழ்ந்தனர். விரத நாளிலே கதவடைத்துச் சமைத்து உண்டனர். இலையை வெளியே எறிந்தாற் பிடிபட நேருமென்று அஞ்சி, அதைக் கூரை இறப்பிலே செருகி மறைத்தனர் என்பது யாழ்ப்பாணத்துச் செவிவழிச் செய்தி.

இந்த இலைக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லும் வீடுகள் உண்டு. தோம்புப் பெயரைச் சொல்லும் வீடுகள் குறைவு. பழைய உறுதியிலே முன்னோர் ஒருவரின் பெயருக்கு முன் 'டொன்' என்று கண்டால், அந்த உறுதி பெட்டியின் அடிக்குப் போய்விடும். நொத்தாரிசு பிழையாக எழுதிவிட்டார் என்று சமாளிப்பவர்களும் உண்டு! வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் காணியைக் காக்க ஞானஸ்நானம் பெற்றவரும், இலையைச் செருகியவரும் ஒரே ஆள். முதலாவதை மறைத்தால், இரண்டாவது ஏன் நடந்தது என்பது பிள்ளைக்கு விளங்காது.

குந்திதேவியும் அஞ்சியே மறைத்தாள். யுத்தம் முடிந்து, கங்கைக் கரையிலே மாண்டவர்களுக்கு நீர்க்கடன் செய்யும் வேளையிலேதான் கர்ணன் தன் மூத்த மகன் என்று தருமரிடம் வாய் திறந்தாள். முன்னமே அறிந்திருந்தால் இந்தப் பேரழிவு நேர்ந்திராதே என்று தருமர் புலம்பினார். இனிப் பெண்களிடம் இரகசியம் தங்காதிருக்கக் கடவதென்று சபித்தார். அது சாபமோ, வரமோ! தங்கியதால் அல்லவா அவ்வளவும் விளைந்தது?

ஆடி அமாவாசையிலே பிதிர்க்கடன் செய்ய அமர்ந்தால், தந்தை, பாட்டன், பூட்டன் என மூவர் பெயரையும் குருக்கள் கேட்பார். மூன்றாவது பெயரிலே பலர் தடுமாறிப் பக்கத்திலிருக்கும் பெரியவரின் முகத்தைப் பார்க்கிறார்கள். 1995 ஐப்பசியிலே வலிகாமத்து மக்கள் உடுத்த உடையோடு வெளியேறியபோது எத்தனையோ வீடுகளில் உறுதிகளும் சாதக ஓலைகளும் அழிந்துபோயின. இனி அந்தப் பெரியவர்களின் ஞாபகமே ஏடு.

நவராத்திரியிலே சரஸ்வதி முன் ஏடு வைக்கும்போது ஒரு புதுக் கொப்பியையும் வையுங்கள். விஜயதசமியன்று அதை எடுத்து, பூட்டன் பூட்டியின் பெயர், தோம்புப் பெயர், காணி கைமாறிய விதம், கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போன சகோதரன் என எல்லாவற்றையும் அம்மம்மா சொல்ல, பேத்தி எழுதட்டும். உயிரோடிருப்பவர் மனம் நோகும் செய்தியாயின், எழுதிய பக்கத்தை ஒட்டி மூடி, எப்போது திறக்கலாம் என்பதையும் மேலே குறித்து வைக்கலாம்.