பெரிய வண்டியும் தைரியமும்



வில்லிஸ் காலத்து ஜீப்பானாலும் இன்றைய மகிந்திரா தாரானாலும், சாயர்புரம் தேரியின் செம்மணலில் ஓட்டிப் பழகினால் பயம் சீக்கிரம் தெளிந்துவிடும். டயர்க் காற்றைச் சற்றுக் குறைத்து, சின்னக் கியரில், வெட்டி இழுக்காமல் போனால் மணல் வழிவிடும். (சாலையேறுமுன் காற்றை மறுபடி நிரப்ப மறக்கலாகாது.)

ஆனால் அந்தத் தைரியம் எதன்மேல் நிற்கிறது? நான்கு சக்கரமும் சேர்ந்து இழுப்பது வண்டியை நகர்த்தத்தான். சாலையில் வேகமாகப் போகையில் நிறுத்த அது உதவாது. உயர்ந்த பானெட்டின் முன் நிற்கும் சிறுபிள்ளையோ ஓட்டுகிறவன் கண்ணிலேயே படாது.

கோழைத்தனத்துக்கும் முரட்டுத் துணிவுக்கும் நடுவே தைரியத்தை வைத்தார் அரிஸ்டாட்டில். அப்படியானால், கிளம்புமுன் இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்க்க வெட்கப்படுகிறவன் கோழையா, முரடனா? இரண்டுமே என்பேன். ஊரார் சிரிப்புக்கு அஞ்சுகிறான். பிள்ளையின் உயிருக்கு அஞ்சவில்லை.