பழம் யாருக்கு, பயணம் யாருக்கு?

ஓம் சரவணபவ! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இன்று கிருத்திகை. மனசுல ரொம்ப நாளா கிடக்குற ஒரு விஷயத்தை உங்ககிட்ட சொல்லிடறேன். கொஞ்சம் சொந்தக் கதைதான், பொறுத்துக்கோங்க.

போன தைப்பூசத்துக்கு மயில் மேல் முருகன் ஒண்ணு வரைஞ்சேன். வாட்டர்கலர். ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி ராத்திரியா மூணு வாரம். தோகைக்கு மட்டும் ஆறு நாள். பூசத்தன்று காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அதே நேரத்துல சித்தப்பா ஒரு ஏஐ முருகன் படத்தை ஃபார்வர்ட் பண்ணினார். தங்க வெளிச்சம், பின்னாடி மலை, ஒவ்வொரு இறகும் மின்னுது. அதுக்குக் கீழே வரிசையா அரோகரா. என் படத்துக்கு ரெண்டு லைக், அதுல ஒண்ணு அம்மா. அந்த ஏஐ படத்துல ஒரு கைக்கு ஆறு விரல் இருந்தது. பன்னிரண்டு கை உள்ள சாமிக்கு விரலை யார் எண்ணப் போறாங்க!

இதுல வேடிக்கை என்னன்னா, நான் சாஃப்ட்வேர் ஆளு. அந்தப் படம் எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும். கோடிக்கணக்கான பழைய படங்களைப் பார்த்துப் பழகின ஒரு மாடல், வெறும் புள்ளி இரைச்சல்ல ஆரம்பிச்சு, படிப்படியா அதை நீக்கி நீக்கி ஒரு உருவத்தைக் கொண்டுவருது. சில நொடி வேலை. அப்போ எனக்கு எதுக்கு மூணு வாரம்? இந்தக் கேள்வி வந்ததும் கை நின்னு போச்சு. நாலு மாசம் பிரஷ்ஷைத் தொடல. நம்ம கூட்டத்துல வரையறவங்க, பாடறவங்க, கோலம் போடறவங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்களுக்கும் இது வந்திருக்கும்.

லீவுக்கு ஊருக்கு, கள்ளக்குறிச்சிக்கு, வந்தப்போ மரச்சிற்பம் செய்யுற ஒரு அண்ணனைப் பார்க்கப் போனேன். நம்ம ஊர் மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வாகை மரத்துல ஒரு ஆறுமுகம் பாதியில் நின்னுக்கிட்டிருந்தார். "அண்ணா, இப்போ கம்ப்யூட்டர்ல டிசைன் கொடுத்தா மெஷினே செதுக்கிடுதே, நீங்க ஏன் இன்னும் உளியோட உட்கார்ந்திருக்கீங்க?"ன்னு கேட்டேன். கேட்டது அவரையா என்னையான்னு எனக்கே தெரியல.

அவர் தலையைக் கூட நிமிர்த்தல. "கண்ணு திறக்குற அன்னைக்கு நான் கவுச்சி தொடமாட்டேன், குளிச்சிட்டுத்தான் உளியை எடுப்பேன். மெஷின் குளிச்சிட்டா வரும் தம்பி?" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு அவராவே சொன்னார்: "முடிஞ்சா சாமி வாங்கினவங்க வீட்டுக்குப் போயிடுவார். ரெண்டு மாசம் என்கூட இருந்தார்ல, அது எனக்கு."

பஸ்ல திரும்பி வரும்போது பழனிக் கதைதான் ஓடுச்சு. நமக்கெல்லாம் மனப்பாடமான கதை. உலகத்தை முதல்ல சுத்தி வர்றவருக்குப் பழம். பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிட்டார். (அதைக் குறுக்குவழின்னு சொல்லமாட்டேன், பிள்ளையாரப்பா மன்னிக்கணும். அது ஞானம்.) ஆனா நம்ம ஆளு என்ன பண்ணினார்? மயில்ல ஏறி நிஜமாவே சுத்தினார். ஒவ்வொரு மலையும், ஒவ்வொரு கடலும் பார்த்துட்டுத்தான் வந்தார். வந்து பார்த்தா பழம் இல்லை. கோபிச்சுக்கிட்டு மலையேறி நின்னவர்கிட்ட என்ன சொன்னாங்க? "பழம் நீ." இத்தனை வருஷம் அதை ஆறுதல் வார்த்தைன்னு நினைச்சுட்டிருந்தேன். சுத்தி வந்தவனுக்குப் பழம் கையில் கிடைக்கல, அவனே பழமா ஆயிட்டான். படம் சீக்கிரம் வேணும்னா அது வேற யாருக்காவது கிடைச்சுட்டுப் போகட்டும். அந்த மூணு வாரம் நான் தினம் ராத்திரி யார் முகத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்?

சரி, அப்புறம் எந்தத் திசையில் போறது? "என் ஸ்டைல் என்ன?"ன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிறோமே. இங்கேதான் எனக்கு சி.கொண்டையராஜு ஞாபகம் வந்தார். பேரு தெரியாம இருக்கலாம், படம் தெரியாம இருக்காது. எங்க ஆயா வீட்டுப் பூஜை மாடத்துல கண்ணாடி போட்டு மாட்டின வள்ளி தெய்வானை முருகன், ஓரத்துல பொடியா அவர் கையெழுத்து. மளிகைக் கடைக் காலண்டரா வந்த படம். வருஷம் முடிஞ்சு தேதித் தாள் தீர்ந்தாலும் சாமியைக் குப்பையில் போட மனசு வராம ஃப்ரேம் போட்டு வச்ச வீடுகள் தமிழ்நாடு முழுக்க உண்டு.

1898-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படிச்சவர். துறவு மனசோடு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். கடைசி வரை கல்யாணம் பண்ணிக்கல. ஆனா கை மட்டும் துறவு வாங்கிக்கல. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைஞ்சார், கோவில்பட்டியில் தங்கினார், சிவகாசி அச்சகங்கள் அவர் வரைஞ்ச தெய்வங்களை வீடு வீடாகக் கொண்டுபோச்சு. 1976-ல் மறையும்போது கூட வரைஞ்ச சீடர்கள் ஒரு பரம்பரையாவே இருந்தாங்க. ஆசிரமத்துக்குப் போன மனுஷனுக்குக் காலண்டர்தான் வழின்னு முதல்லயே தெரிஞ்சிருக்குமா என்ன?

அதே அண்ணாமலையில்தானே நம்ம அருணகிரியாரும் கோபுரத்திலிருந்து விழுந்தார். தாங்கிப் பிடிச்ச முருகன் திருப்புகழ் மொத்தத்தையும் எழுதிக் கையில் கொடுக்கல. முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தார். மீதியை அவர் ஊர் ஊரா நடந்து, கோயில் கோயிலா பாடித்தான் தெரிஞ்சுக்கிட்டார்.

எனக்கான முதல் சொல் ஒரு பாட்டி வாயிலிருந்து வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்கெட்ச் புக், சின்ன கலர் பாக்ஸ் எடுத்துக்கிட்டு கச்சிராயபாளையம் வழியா கல்வராயன்மலை ஏறினேன். கோமுகி அணை தாண்டினா காற்றே மாறிடும். வெள்ளிமலைப் பக்கம் ஒரு சாமைக் கொல்லை ஓரம், பாறை மேல உட்கார்ந்து வள்ளியை வரைய ஆரம்பிச்சேன். பரண், கையில் கவண், தினைப்புனம். பக்கத்துல களை எடுத்துக்கிட்டிருந்த மலையாளிப் பாட்டி வந்து எட்டிப் பார்த்தாங்க.

"யாரு கண்ணு இது?"

"வள்ளி, பாட்டி. முருகரோட வள்ளி."

நல்லா உத்துப் பார்த்தாங்க. "நாளெல்லாம் வெயில்ல நின்னு கிளி ஓட்டுற பொண்ணு இவ்ளோ வெளுப்பாவா இருப்பா? காலு பாரு, முள்ளே மிதிக்காத காலு."

சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே களைக்குப் போயிட்டாங்க. நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். உண்மைதானே! என் வள்ளி எங்க ஆயா வீட்டுக் காலண்டர் வள்ளி. அந்த ஏஐ வரையுற வள்ளியும் அதே வெளுப்புதான், அதுவும் நம்ம பழைய படங்களைப் பார்த்துத்தானே படிச்சது. கொண்டையராஜு அவர் கண்ட முருகனை வரைஞ்சார். நான் அவர் வரைஞ்சதை வரைஞ்சுட்டு, என் ஸ்டைல் எங்கேன்னு தேடிட்டிருந்தேன். நம்பிராஜன் மகள், குறிஞ்சி நிலத்துப் பொண்ணு. எங்க மாவட்டத்துலயே இப்படி ஒரு மலையை வச்சுக்கிட்டு, இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாளும் அங்கே அவளைத் தேடிப் போனதில்லை. முருகுன்னா அழகு, இளமைன்னு பேச்சுப்போட்டியில் எல்லாம் பேசியிருக்கேன். எந்த அழகுன்னு யோசிச்சதே இல்லை.

அன்னைக்கு அந்தத் தாளைத் திருப்பிட்டு, பின்பக்கம் அந்தப் பாட்டியோட பாதத்தை மட்டும் வரைஞ்சேன். வெடிப்பு, மண், விரல்ல ஒரு பித்தளை மெட்டி. பழுப்பு கலரை இவ்வளவு நேரம் கலந்ததே இல்லை, அந்த நிறம் சீக்கிரம் வரமாட்டேங்குது.

இப்போ வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, விளக்கேத்திட்டு ஒரு மணி நேரம் வரையறேன். குரூப்ல போடறதில்லை. வள்ளிக்குக் கால் வந்துடுச்சு, கை வந்துடுச்சு, கவண் கயிறு ரெண்டு தடவை தப்பாப் போய் மூணாவது தடவை சரியா விழுந்தது. முகம் அந்த மலை முகமா வந்துட்டிருக்கு. கண்ணு மட்டும் இன்னும் திறக்கல. வர்ற சஷ்டிக்கு விரதம் இருந்து, குளிச்சிட்டு உட்காரணும்.

முருகா சரணம்!
வள்ளி மணாளனுக்கு அரோகரா!