துணிவின் விலை

ஜொகூர் மாநிலத்தின் புகழ்பெற்ற லேடாங் மலை 1,276 மீட்டர் உயரமுடையது; ஆயினும் அது கருங்கல் மலை. நீர் கரைத்துக் குடைந்த பெருங்குகைகள் சுண்ணாம்புக்கல் மலைகளிலேயே மிகுதியாகத் தோன்றுகின்றன. ஆகவே, குகை காணும் வேட்கை கொண்ட ஜொகூர் இளைஞர் வடக்கே பேராக்கின் குவா தெம்புரோங்கையோ, கடல் கடந்து சரவாக்கின் மூலுவையோ நாடிச் செல்கின்றனர். அவர்கள் செல்வது பிழைப்புக்காகவன்று, இன்பத்திற்காக. இங்கேதான் ஓர் அறவினா எழுகின்றது. இன்பத்திற்காக உயிரைப் பணயம் வைக்க மனிதனுக்கு உரிமை உண்டா?

உண்டு என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1981ஆம் ஆண்டில் பிரித்தானியக் குகையாய்வாளர் மூவர் விளக்கொளி எட்டாத இருளில் துணிந்து நடந்தனர். அதனாலேயே ஏறத்தாழ 600 மீட்டர் நீளமுள்ள சரவாக் கூடத்தை உலகம் அறிந்தது. அவர்கள் அஞ்சி வாயிலிலேயே நின்றிருந்தால் அறிவு அன்று ஓரடியும் முன்னேறியிராது. மேலும், தன் உயிர் தன்னுடையது. அதனை இடருக்கு உள்ளாக்குவதும் தன் விருப்பம் என்பர்.

ஆனால், அந்த உயிர் அவனுக்கு மட்டுமே உரியதா? 2018 ஜூன் 23ஆம் நாள் தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் காற்பந்துச் சிறுவர் பன்னிருவரும் அவர்தம் பயிற்றுநரும் சென்றனர். மழைவெள்ளம் வழியை அடைத்தது. ஜூலை 10ஆம் நாளுக்குள் பதின்மூவரும் மீட்கப்பட்டனர். எனினும், மீட்புப் பணியில் ஈடுபட்ட முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் ஜூலை 6ஆம் நாள் உயிர் துறந்தார். சிறுவரைப் பழிப்பது அறமாகாது. எனினும், அந்நிகழ்ச்சி ஓர் உண்மையை உணர்த்துகின்றது. இடரில் சிக்கியவனைக் கைவிட்டுவிட நல்ல சமுதாயம் ஒருப்படாது. எனவே, ஒருவன் ஏற்கும் இடரில் முன்பின் அறியாத ஒருவனும் பங்காளியாகிவிடுகின்றான்.

குகைக்கும் ஓர் உரிமை உண்டு. பத்துமலைப் படிகளின் அருகேயுள்ள இருட்குகையில் மிகப் பழைய மரபினைச் சேர்ந்த அரிய சிலந்தி ஒன்று வாழ்கின்றது. விளையாட்டாய் ஒடிக்கப்படும் கல்விழுது மீண்டும் வளரப் பல தலைமுறைகள் போதா. ஜொகூர்த் தோட்டங்களில் காய்க்கும் துரியானுக்கும் குகைகளுக்கும் உறவு உண்டு. துரியான் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதில் குகைவாழ் தேனுண்ணும் வௌவால்களுக்குப் பெரும் பங்கு இருக்கின்றது. அவற்றின் உறைவிடத்தைக் குலைப்பவன் எங்கோ உள்ள உழவனின் விளைச்சலிலும் கை வைக்கின்றான்.

அவ்வாறாயின் குகைகளை அடைத்துவிடுவதா? அதுவும் முறையன்று. இடரே இல்லாத வாழ்க்கை எவருக்கும் வாய்ப்பதில்லை. கடலுக்குச் செல்லும் மீனவனையும் நாம் தடுப்பதில்லை. ஆனால், மழைக்காலம் அறிதல், வழிகாட்டியுடன் செல்லுதல், செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் பிறரிடம் சொல்லிச் செல்லுதல், எதனையும் தொடாது மீளுதல் ஆகியவை வெறும் எச்சரிக்கைகள் அல்ல. பிறர் உயிருக்குச் செலுத்தும் மரியாதை. தன் துணிவின் விலையை யார் கொடுக்க நேரும் என்று வாயிலில் நின்று எண்ணிப் பார்ப்பவன் கோழையல்லன். அவ்வாறு எண்ணிய பின் உள்ளே செல்லவும், தேவையெனில் திரும்பி வரவும் வல்லவனே துணிவுடையோன்.