இரண்டு டயோடுகளுக்கு நடுவே

4148 டயோடைக் கையில் வைத்தால் எடையே தெரியாது. ஆரஞ்சு நிறக் கண்ணாடி உடம்பு, ஓர் ஓரத்தில் கறுப்புக் கோடு, இரு பக்கமும் கம்பி. மின்சாரம் கோட்டை நோக்கித்தான் பாயும், திரும்பி வராது. இரண்டை எடுத்து, ஒன்றின் கோடு இடப்பக்கம், மற்றதன் கோடு வலப்பக்கம் என எதிரும் புதிருமாக வைத்துப் பற்றவைக்கிறேன். கிட்டார் ஓவர்டிரைவ் பெடலில் ஒலி உடைகிற இடம் இதுதான். ரெசிஸ்டர், கெபாசிட்டர், குமிழ், கால் ஸ்விட்ச் எல்லாம் இந்த இரண்டுக்கும் முன்னும் பின்னும் நின்று ஊழியம் செய்பவை.

*

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1970களின் கடைசியில் ஜப்பானில் சுசுமு டமுரா வடிவமைத்த டியூப் ஸ்க்ரீமரைத்தான் வெரோ போர்டில் கட்டுகிறேன். மேக்ஸன் தயாரித்து ஐபனீஸ் பெயரில் விற்ற அந்தப் பச்சைப் பெட்டி, கிட்டார்காரர் ஸ்டீவி ரே வானின் காலடியில் கிடந்து பேர் வாங்கியது. அதன் சர்க்யூட் படம் ஊருக்கே தெரியும். கட்டி முடிக்க அதிக நேரம் ஆவதில்லை. ஏன் இப்படி என்று யோசிக்கத்தான் நேரம் போகிறது.

கிட்டார் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் சிறியது. ஓங்கி மீட்டினால் 100 மில்லிவோல்ட், சில பிக்கப்புகளில் அதற்கும் மேல். ஆப்-ஆம்ப் அதைப் பெருக்குகிறது. டிரைவ் குமிழைக் கடைசிவரை திருப்பினால் ஏறத்தாழ 118 மடங்கு. கணக்குப்படி 11 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். பேட்டரியே 9 வோல்ட்தான். அந்த உயரத்துக்குப் போக டயோடுகள் விடுவதில்லை. அலை 0.6 வோல்ட்டை நெருங்கியதும் டயோடு திறந்துகொள்கிறது, பெருக்கம் சரிகிறது, அலையின் தலை மழுங்குகிறது. மேல் உச்சிக்கு ஒரு டயோடு, கீழ் உச்சிக்கு மற்றது.

டயோடுகள் உட்கார்ந்திருக்கும் இடம் பின்னூட்டப் பாதை. ப்ரோகோ ரேட் போன்ற டிஸ்டார்ஷன் பெடல்களில் அவை சிக்னல் வெளியேறும் வழியிலிருந்து கிரவுண்டுக்குப் போகின்றன. அங்கே அலையை ஒரே அடியாக வெட்டி நிறுத்திவிடும். இங்கே, டயோடு முழுக்கத் திறந்துகொண்டாலும் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே இறங்க வழியில்லை. உள்ளே வந்த அலை சேதமில்லாமல் வெளியேயும் போகிறது. மழுங்கிய அலை அதன் மேல் ஏறிக்கொள்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் மூல ஒலி அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தச் சர்க்யூட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. வலது கையை இலேசாக்கினால் அந்த அடி ஒலி மேலே வருகிறது. அழுத்தினால் கரகரப்பு வந்து மூடுகிறது.

*

ஆப்-ஆம்பாக உட்காரும் 4558 ஐசிக்கு வெளிநாடுகளில் ஒரு புராணமே உண்டு. ஜேஆர்சி முத்திரை, பழைய காலத் தயாரிப்பு என்று தேடிப் பிடித்து விலை கொடுப்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டப்பாவைத் திறக்கிறார்.

“பேஸ் டிரெபிள் போர்டுக்கா சார்?”

ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்பவர்கள் அன்றாடம் வாங்கிப்போகும் சரக்கு அது. ஒரிஜினல்தானா என்று கேட்டேன்.

“மேல அப்படித்தான் எழுதியிருக்கு.”

இதைவிட நேர்மையான பதில் கிடைக்காது.

நேராகப் பற்றவைக்காமல் எட்டுக் கால் சாக்கெட் போட்டிருப்பதால் 4558, டிஎல்072 இரண்டையும் மாற்றி மாற்றிச் செருக முடிகிறது. வித்தியாசம் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல என் காது போதாது. ஒலியின் வடிவத்தை டயோடும் பின்னூட்டமும் முடிவு செய்யும் இடத்தில் ஐசிக்குப் பெரிய பேச்சில்லை. ஆனாலும் 4558-ஐத்தான் விட்டுவைத்திருக்கிறேன். மூடியைத் திறக்கும்போது அந்த எண் கண்ணில் படுவது பிடித்திருக்கிறது.

*

பெடலை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில். பக்கத்தில் மஞ்சள், ஊதா, சிவப்புக் கோடுகளோடு 4.7கே ரெசிஸ்டர். இந்த ஜோடிதான் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. மேல் ஸ்வரங்களுக்கு 118 மடங்கு வரை கிடைக்கும் அதே குமிழ் நிலையில், ஆறாவது தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்குக் கிடைப்பது 13 மடங்கு அளவுதான். டியூப் ஸ்க்ரீமர் பேஸைத் தின்றுவிடுகிறது என்ற புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது.

கெபாசிட்டரை 0.1 ஆக்கினால் அதே தந்திக்குச் சுமார் 28 மடங்கு. தனி ஸ்வரம் வாசித்தால் அற்புதமாக இருக்கிறது, அறையே நிறைகிறது. கார்டு பிடித்தால் சேறு.

காரணம் கணக்கில் இருக்கிறது. இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாக டயோடுக்குள் போனால் இரண்டு மட்டும் வெளியே வருவதில்லை. அவற்றின் மடங்குகளின் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து வருகின்றன. 82 ஹெர்ட்ஸ் ஈ, அதன் பஞ்சமம் 123. 82-இன் இரு மடங்கிலிருந்து 123-ஐக் கழித்தால் 41, அதுவும் ஈதான், ஒரு ஸ்தாயி கீழே. அதனால் ராக் கிட்டார்காரர்கள் ஷட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எவ்வளவு முறுக்கினாலும் ஒலி கெடுவதில்லை. இடையில் காந்தாரம் நுழைந்தால் கதை வேறு. கிட்டாரின் சம ஸ்வர இடைவெளி ஃப்ரெட்டுகளில் அந்தக் காந்தாரம் சுத்தமான 5:4-க்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது; கழித்தல் எண்கள் எந்த ஸ்வரத்திலும் சரியாகப் போய் உட்காருவதில்லை. கீழ்த்தந்திகளில் இந்தச் சச்சரவு காதுக்கு இன்னும் மோசம். பேஸை முன்கூட்டியே ஒதுக்கி வைத்ததைக் கஞ்சத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கார்டு வாசிக்கிறவனை மனதில் வைத்துச் செய்த வேலை அது.

*

டயோடை எடுத்துவிட்டுச் சிவப்பு எல்இடி போட்டால் வாசல் 1.7 வோல்ட் அளவுக்கு உயரும். ஒலி திறந்து, பெரிதாக, உயிரோடு வருகிறது என்பார்கள். வரும். ஆனால் அலையை உயரத்தில் வெட்டுவதால் வெளியேறும் சத்தமும் கூடுகிறது, சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும். லெவல் குமிழைக் குறைத்து இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு கேட்க வேண்டும். மாற்றிப் பற்றவைத்துவிட்டுக் கேட்டாலும் பயனில்லை. சால்டரிங் அயர்ன் சூடேறி வேலை முடிவதற்குள் முந்தைய ஒலி நினைவிலிருந்து போய்விடுகிறது, நினைவில் இருப்பதாக நாம் நம்புவது மட்டும் மிஞ்சுகிறது. சின்ன டாகிள் ஸ்விட்ச் ஒன்றைப் போட்டு, வாசிக்கும்போதே மாற்றுவதுதான் வழி.

ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் இரண்டு என்றும் போடலாம். பாஸ் நிறுவனம் 1977-இல் ஓடி-1 பெடலில் அப்படித்தான் செய்தது. இரு பக்கமும் சமமாக மழுங்கினால் ஒற்றைப்படை ஹார்மானிக்குகள் மட்டும் பிறக்கும். சமமில்லாவிட்டால் இரட்டைப்படையும் கூடவே வரும். எனக்கு இதுதான் பிடித்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

*

ஒலியை வேண்டுமென்றே உடைப்பது பழைய பழக்கம். 1964-இல் டேவ் டேவிஸ் தன் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறினார். கிங்க்ஸ் குழுவின் ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் கேட்பது அந்தக் கிழிசல். அதற்கும் முன்பே, 1962-இல், பழுதான ஒலியை வேண்டும்போது வரவழைக்கும் மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெட்டி கடைக்கு வந்துவிட்டது.

இதை மேற்கத்தியக் கிறுக்கு என்று நாம் சிரிக்க முடியாது. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் நூலை வைத்து, இம்மி இம்மியாக நகர்த்தி, தந்தி உரசி ரீங்கரிக்கும் இடத்தைத் தேடுகிறவர்கள் நாம். உரசல் இல்லாத தம்புராவை யாரும் சுத்தமான ஒலி என்று பாராட்டுவதில்லை. சுருதி சேரவில்லை, நூலைப் பார் என்பார்கள். வித்தியாசமும் உண்டு. தம்புராவில் மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன, பெடலில் குவிந்து கெட்டியாகின்றன.

*

நண்பர் ஒருவர் தனக்கும் ஒன்று கட்டித் தரச் சொல்லியிருக்கிறார். சமமில்லாத டயோடுகள் சரி என்றுவிட்டார். கெபாசிட்டர்தான் இன்னும் முடிவாகவில்லை. 0.068 போட்டால் எல்லை 500 ஹெர்ட்ஸ் பக்கம் வரும்; தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் சதை இருக்கும். ஆனால் அவர் குழுவில் பேஸ் கிட்டார் இருக்கிறது, கீபோர்டுக்காரரின் இடது கையும் சும்மா இருப்பதில்லை. அவர்கள் ஒத்திகைக்கு ஒருமுறை போய், மூன்று பேரும் சேர்ந்து வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் பற்றவைக்கலாம் என்றிருக்கிறேன்.